துப்பாக்கி வேலை கற்றுக்கொள்ள ஆசை: எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் நான்கு பேர். எல்லோருக்கும் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் என்றால் உயிர். ஒருவர் வீட்டுப் பரணில் அப்பா காலத்து ஏர் ரைஃபிள் ஒன்று பாதி உயிரோடு கிடக்கிறது. இன்னொருவர் வீட்டில் தாத்தா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் பன்னிரண்டு ‘போர்’ (bore என்ற குழல் அளவு) துப்பாக்கி. அமெரிக்காக்காரர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாமா, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று கேட்டிருந்தார்கள்.

கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏர் ரைஃபிளை மட்டும் மேசைமேல் எடுத்து வையுங்கள். தாத்தாவின் துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. லேத் பட்டறைதான் என் தொழில். ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினன், பல வருடமாக அங்குள்ள ஏர் ரைஃபிள்களுக்கு வாஷர், ஸ்பிரிங், துடைப்பு வேலைகளைப் பார்த்து வருகிறேன். வெடிமருந்து போட்டுச் சுடும் எதையும் நான் கழற்றுவதில்லை. பயம் காரணமில்லை, லைசென்ஸ் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்கிற 3-ஆம் பிரிவு எல்லோருக்கும் தெரியும். 5-ஆம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது என்று வரிசையாக அடுக்கி, இவை எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருப்பதால் அதைப் பழுதுபார்க்கவும் உரிமை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு. குழலை வெட்டிக் குட்டையாக்குவதற்கும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் 6-ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 5-ஆம் பிரிவை மீறுவதற்கான தண்டனையைக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று ஏற்றிவிட்டார்கள். பொழுதுபோக்குக்காகச் செய்தேன் என்பதை எந்த நீதிபதியும் காதில் வாங்கமாட்டார்.

அமெரிக்க வீடியோக்களை அப்படியே நம்பக்கூடாது என்பதும் இதனால்தான். அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாகத் துப்பாக்கியே செய்துகொள்ளலாம், அடுத்தவருக்குத் தொழிலாகச் செய்யும்போதுதான் லைசென்ஸ். கொலராடோவில் டிரினிடாட் என்ற சின்ன ஊரில், 1947 முதல் ஒரு கல்லூரியே இந்த வேலையைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறது. நம் ஊரில் இதைக் கற்றவர்கள் பெரும்பாலும் மூன்று வழியாக வந்தவர்கள்: ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவர்கள், போலீஸ் ஆயுதப்படையில் அதே வேலை பார்த்தவர்கள், பரம்பரையாகத் துப்பாக்கிக் கடை நடத்தும் குடும்பத்தினர். பீகாரின் முங்கேரில் மீர் காசிம் 1760-களில் தலைநகரை மாற்றி ஆயுதச் சாலை வைத்ததிலிருந்து இந்தக் கைத்தொழில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அங்கே லைசென்ஸோடு செய்பவர்களும் உண்டு, கள்ளத்தனமாகச் செய்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையால்தான் அந்த ஊரின் பேர் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது.

சரி, தாத்தா துப்பாக்கிக்கு வருவோம். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகும் அது வீட்டுப் பீரோவில் இருக்கிறதென்றால், பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம். 21-ஆம் பிரிவுப்படி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். வாரிசு தன் பேரில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, கிடைத்ததும் திரும்பப் பெறலாம். இதில் தாமதம் செய்யாதீர்கள். “பழைய சாமான், சுடவே சுடாது, இதுக்கெல்லாமா லைசென்ஸ்?” என்று கேட்பவர்கள் உண்டு. பழங்கால மதிப்புள்ளதோ பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. “ரிப்பேர் செய்தாலும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பின் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான்.

லைசென்ஸ் பேர் மாறி வந்த பிறகும் நேரே தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்காதீர்கள். பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகளில் இரண்டு விஷயம் ஆளைக் காவு வாங்கும். ஒன்று, குழல். சிலவற்றில் குழல்மேல் பாம்புத் தோல் மாதிரியோ மர வளையம் மாதிரியோ அழகான கோலம் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டவைத்துச் செய்தது. கரிமருந்து காலத்துக்கு அது போதும். இன்றைய புகையில்லாத மருந்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது. இரண்டாவது, தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழையவற்றில் பல 65 மி.மீ. தோட்டாவுக்குச் செய்தவை, இப்போதைய தோட்டா 70 மி.மீ. சிக்கல் என்னவென்றால், 70 தோட்டா அதற்குள் நன்றாகவே உட்காரும். 70 என்பது, சுட்டதும் தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகுள்ள நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்திலேயே அடைத்துக்கொள்ள, அழுத்தம் எகிறிவிடும். உட்காருகிறதே, அளவு சரிதான் என்று நினைப்பவர் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

குழலின் அடியில் குட்டிக் குட்டியாக முத்திரைகள் குத்தியிருக்கும். இங்கிலாந்துத் துப்பாக்கி என்றால் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரை. லண்டன் சோதனைச் சாலையை நடத்தும் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. எந்த மருந்துக்கு, எந்த நீளத்துக்குச் சோதித்தார்கள் என்று அந்த முத்திரையிலிருந்து படிக்கலாம். படிக்கத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் முத்திரையைப் பார்த்து, அளவுக் கம்பி விட்டு, குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நிழல் வளையம் எங்கே நெளிகிறது என்று பார்ப்பதை அருகில் நின்று பாருங்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் அந்த நிழல் நெளியும். அதைப் பார்க்கக் கண் பழகவே ஒரு வருடம் ஆகும்.

லைசென்ஸ் உள்ள விவசாயிகளுக்கு ஒரு உபரித் தகவல். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது துணி உறையில் சுற்றிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். துணி ஈரத்தை இழுக்கும். குழலுக்கு உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும் துப்பாக்கியின் துருவைத் துடைக்க உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இனி ஏர் ரைஃபிள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.க்கும், குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் கன் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். உங்கள் பொழுதுபோக்குக்கு இருக்கிற இடம் இதுதான், நிறையவே இடம் இருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி சக்தியைக் கூட்டும் யோசனை மட்டும் வேண்டாம். அது சட்டத்தின் கோட்டைத் தாண்டும். அதோடு ஒரு பயனும் இல்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் சுடும் ரைஃபிள் அரை கிராம் குண்டை நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் 8 ஜூல்கூட வராது. அந்தச் சக்தியில்தான் அரை மி.மீ. அகலமுள்ள பத்துப் புள்ளியைத் தொடுகிறார்கள்.

எனக்கு இந்த வேலையில் ருசி வந்தது மெரினாவில். சின்ன வயதில் பலூன் சுட நின்றபோது கடைக்காரர் ஒரு துப்பாக்கியைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். பழைய தோல் செருப்பின் அடியிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, அதைக் கிண்ணம் மாதிரி அமுக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, பிஸ்டன் தலையில் மாட்டினார். கடல் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கருத்துப்போன அந்தத் துப்பாக்கி, அடுத்த பத்தாவது நிமிடம் டப்பென்று பலூனை உடைத்தது. குறிபார்க்கும் முன் சைட் ஒருபக்கம் வளைந்திருந்தது வேறு விஷயம். அதை அவர் சரிசெய்யவே இல்லை. ஏன் சரிசெய்யவில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அவர் மாற்றிய அந்தத் தோல் கிண்ணம்தான் பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் உயிர். குழலைக் கீலில் மடக்கி இழுக்கும்போது ஸ்பிரிங் சுருங்குகிறது. டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் தலையிலுள்ள அந்தக் கிண்ணம், அதாவது வாஷர், காற்றை ஒரு சின்னத் துளைக்குள் நெருக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலில் இறுக்கமாக இருப்பதால் பிஸ்டனுக்கு முன்னால் ஒரு காற்றுத் தலையணை உருவாகும். குண்டு போடாமல் வெறுமனே சுட்டால் அந்தத் தலையணை இல்லை, பிஸ்டன் நேரே இரும்புச் சுவரில் போய் மோதும். சின்னப் பையன்கள் வெறும் துப்பாக்கியை ஐம்பது தடவை டப் டப் என்று தட்டி விளையாடினால், அந்த வருடமே வாஷரும் ஸ்பிரிங்கும் போய்விடும்.

சத்தம் திடீரென்று பெரிதாகி, குழல் வாயில் லேசாகப் புகை, கருகின வாசனை என்றால் “பவர் ஏறிடுச்சு” என்று சந்தோஷப்படாதீர்கள். நெருக்கப்பட்ட காற்று சூடாகி, உள்ளே போன எண்ணெய் டீசல் இன்ஜினில் மாதிரி பற்றிக்கொள்கிறது. எண்ணெய் அதிகம் விட்டீர்கள் என்று அர்த்தம். தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே எண்ணெய் எதையும் அந்தத் துளைக்குள் விடக்கூடாது.

என்னிடம் “சுடமாட்டேங்குது”, “குறி தப்புது” என்று வரும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் ரிப்பேரே தேவைப்படாது. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு சுடலிலும் முன்னும் பின்னும் இரண்டு தடவை உதறும். அந்த உதறலில் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். போன மாதம் ஒரு பையன் வந்தான். பத்துக் குண்டும் தாளில் இரண்டு கூட்டமாக விழுந்திருந்தன, மேலே ஐந்து, கீழே இடதுபுறம் ஐந்து. சைட் கெட்டுவிட்டது, புதுசு வாங்கவேண்டும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். முன்கட்டைத் திருகை விரலாலேயே சுற்ற முடிந்தது. இறுக்கிவிட்டு, அதே சைட், அதே குண்டு, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் பத்தும்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னால் தாளில் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். உதவி கேட்டு யாரிடம் போனாலும் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். இரண்டு கூட்டமாக விழுந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக இழுத்துக்கொண்டு போனால் குண்டின் வேகம் ஏறி இறங்குகிறது, வாஷரையோ ஸ்பிரிங்கையோ சந்தேகப்படலாம். கண்டபடி சிதறினால் முதலில் குண்டை மாற்றுங்கள். ஒரு குழலுக்குப் பிடித்த குண்டு இன்னொரு குழலுக்குப் பிடிக்காது, விலை அதிகம் என்பதால் நன்றாகச் சுடும் என்றும் கிடையாது. சுடும்போது பின்னால் இரும்புத் தகடு வைக்காதீர்கள், குண்டு திரும்பி வரும். பழைய செய்தித்தாள் கட்டு போதும். கண்ணாடி போடுங்கள். குண்டு ஈயம், தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள். அப்புறம், பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கையில் ஏர் கன் வந்ததும் வேப்பமரத்தைப் பார்க்கும் புத்தி எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

நீங்களாகச் செய்யக்கூடாத வேலைகள் ஏர் ரைஃபிளிலும் உண்டு. ஸ்பிரிங் மாட்டியிருக்கும்போதே அழுத்தத்தில்தான் இருக்கும். பின்மூடியை வெறுமனே கழற்றினால் அது தோட்டா மாதிரி கிளம்பும். என் பட்டறைக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸில் ஒரு ஓட்டை இருக்கிறது, பொறுமையில்லாமல் நான் போட்டது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பிடிப்பான் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். லேத் தெரிந்தவருக்கு அதைச் செய்வது அரை நாள் வேலை.

அடுத்தது டிரிகர். “கொஞ்சம் ராவினால் லேசாகிவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் முகம் மேலே மெல்லிய தோலளவுக்குத்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். அரம் போட்டால் அந்தத் தோல் போய் உள்ளேயுள்ள மெத்தென்ற இரும்பு வெளியே வரும். இரண்டு வாரம் டிரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள், குழலைத் திறந்து குண்டு வைக்கும்போது, யாரும் தொடாமலே கொக்கி நழுவும், குழல் படாரென்று மூடும். விரல் நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொக்கி நன்றாக இருந்தாலும்கூட, குண்டு வைக்கும்போது ஒரு கையால் குழலைப் பிடித்துக்கொண்டே வைக்கும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் துப்பாக்கிகள். உள்ளே 200 பார் அழுத்தம், கார் டயரைப்போல நூறு மடங்கு. காற்று இருக்கும்போது எந்த இணைப்பையும் தளர்த்தக்கூடாது. சிலிண்டரில் காலாவதித் தேதி அச்சிட்டிருந்தால் தாண்டியபின் காற்று அடைக்கக்கூடாது.

இவ்வளவு சின்னச் சின்ன விஷயமா என்று தோன்றலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் பிஸ்டல் பழுதானது. 75 நிமிடத்தில் 60 குண்டு சுடவேண்டிய போட்டி. வெளியே போய்ச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் கடிகாரம் ஓடிவிட்டது. மிச்சத்தை அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-ஆம் இடம், இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. மூன்று வருடம் கழித்து பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கியதை எல்லோரும் கொண்டாடினோம். எங்கள் கிளப்பில் மட்டும் அன்று பேச்சு டோக்கியோவைப் பற்றித்தான்.

சரி, யாரிடம் கற்பது? உங்கள் மாவட்டத்து ரைஃபிள் கிளப்பில் நான்கு பேரும் சேருங்கள். சேர்ந்த அன்றே ஸ்பேனரோடு போகாதீர்கள். ஆறு மாதம் சுடக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுடத் தெரியாதவனுக்குத் தப்பு கையிலா துப்பாக்கியிலா என்று தெரியாது. கிளப்பில் ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். அவருக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டுக் கையைக் கவனியுங்கள், நிறையக் கேள்வி கேட்காதீர்கள். வீட்டில் பழக மரவேலை இருக்கிறது: வெடித்த கட்டையைச் சுத்தம் செய்து, உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பத்துப் பதினைந்து தடவை ஏற்றுவது. அதில் சட்டமும் இல்லை, ஆபத்தும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். வால்நட் கட்டை என்றால் மூன்றாம் பூச்சிலேயே ரேகை எழுந்து வரும்.

உங்கள் பரண் ரைஃபிளுக்கு இன்று ராத்திரியே ஒன்று செய்யலாம். முதலில் அது இழுத்த நிலையில் இல்லை, உள்ளே குண்டு இல்லை என்று பாருங்கள். கட்டைத் திருகுகளை இறுக்குங்கள். குழலை முழுக்க மடக்காமல், குண்டு வைக்கும் பின்வாய் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்து, காற்று வரும் துளையில் சிலிகான் எண்ணெய் நான்கைந்து சொட்டு விடுங்கள். மூடிவிட்டு, பின்கட்டை தரையில் இருக்க, குழலின் முன்வாய் மேலே பார்க்கச் சுவரில் சாய்த்து, விடியும்வரை விடுங்கள். பல வருடமாகக் காய்ந்து சுருங்கிய தோல் எண்ணெயைக் குடித்து மறுபடி விரியும். காலையில் முதல் சில குண்டுகள் புகை கக்கும், பயப்பட வேண்டாம். அது நின்றதும் குழல் மூடும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பர் ஒரு துண்டை வைத்து, குண்டு போட்டுச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் அந்த இடத்து வாஷர் போய்விட்டது, சில ரூபாய் வேலை. பறக்காமல் இருந்தும் குண்டு பத்தடியிலேயே தாழ்ந்து விழுந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. அப்போது கழற்றாதீர்கள், கிளப்புக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்துக் குண்டு சுட்ட தாளோடு.